மேற்கு மூலைக் கால்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சைட்டில் சென்ட்ரிங் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது குப்பத்து ஆயாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பா, வலைவீட்டுல மேற்கு மூலைக் காலு இத்துப்போச்சு. பசங்க மாத்திட்டானுங்க. உன்னாண்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்னுதான் போட்டேன்" என்றார். பேரன் காலேஜில் சேர்ந்ததைச் சொன்னார், சங்கரா மீன் வரத்தே இல்லை என்று வருத்தப்பட்டார், வைத்துவிட்டார்.

நான் அங்கேயே எம்சாண்ட் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி பதறிப்போய் "என்னம்மா, வீட்ல எதாவதா?" என்று ஓடி வந்தார். இல்லை அண்ணா, நல்ல செய்திதான் என்றேன். கல்லூரியில் படித்தபோது நாங்கள் கட்டிய மரவீட்டில் ஒரு கால் அழுகிப்போனது எப்படி நல்ல செய்தி என்று அவருக்குச் சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 டிசம்பர் 12. சென்னைக்காரர்களுக்கு நாள் சொன்னாலே போதும். முதலமைச்சர் இறந்து ஒரு வாரம், ஏடிஎம் வாசல்களில் இன்னும் வரிசை, அதற்கு நடுவில் வர்தா புயல். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. எங்கள் பெரம்பூர் தெருவில் மூன்று தூங்குமூஞ்சி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. நான் அப்போது பி.ஆர்க். நான்காம் ஆண்டு. ஜனவரியில் கல்லூரி திறந்தபோது எங்கள் ஸ்டூடியோவுக்கு, அதாவது வடிவமைப்பு வகுப்புக்கு, ஈ.சி.ஆரில் ஒரு சொகுசு விடுதி வடிவமைப்பதாகத் திட்டம். எங்கள் ஆசிரியை முதல் வகுப்பிலேயே அதைக் கிழித்துப் போட்டார். "நாளைக்கு எல்லாரும் செருப்பு போட்டுட்டு வாங்க, ஷூ வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காசிமேட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்தில் இறங்கினோம்.

என் வீட்டிலிருந்து அந்தக் குப்பம் ஏழெட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. இருபத்தோரு வயது வரை ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வலை பின்னவும் பழுது பார்க்கவும் அவர்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்திருக்கிறது. வர்தா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நட்ட சவுக்குக் கழிகளில் இரண்டு மட்டும் மிச்சம். அதற்குப் பக்கத்தில், புயல் வருவதற்கு முன்பே பாழாகிக் கிடந்த ஒரு மூங்கில் பந்தல். இன்னொரு கல்லூரி மாணவர்கள் வந்து கட்டிக் கொடுத்ததாம். அழகான வளைவு, நன்றாக யோசித்த வடிவம். ஆனால் மூங்கிலை மருந்தில் ஊறவைக்கவில்லை. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காகத் துளைப்பூச்சி ஏறும், ஒன்றரை வருடத்தில் உளுத்துவிடும். தட்டினால் மஞ்சள் பொடியாகக் கொட்டியது. எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த ஆயா அந்தப் பந்தலைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க கட்டுறது உளுத்துச்சுன்னா யாரு வருவா?"

யாருக்கும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை ஆசிரியை மறுநாள் ஸ்டூடியோ சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். பருவம் முடியும் வரை அது அங்கேயே இருந்தது.

மாணவர்கள் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டுவது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் மூர் 1967-இல் ஆரம்பித்து வைத்தது. முதலில் கென்டக்கியின் நியூ சயான் என்ற ஏழை ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டினார்கள். இன்று வரை யேலில் முதலாண்டு கட்டடக்கலை மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு கட்டடம் கட்டுகிறார்கள். 1993-இல் அலபாமாவின் ஹேல் கவுன்டியில் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் தொடங்கிய, மாணவர்களே வீடு கட்டும் ரூரல் ஸ்டூடியோ எனக்கு இன்னும் நெருக்கம். படங்களில் பார்க்கும்போது அந்த வீடுகளின் கூரைகள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் ஆசிரியை எங்களைக் கவனிக்கச் சொன்னது வேறு: மாக்பீ 2001-இல் இறந்த பிறகும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அதே கவுன்டி, அதே மக்கள், முப்பது வருடத்துக்கு மேல். கூரை ஒழுகினால் கட்டியவர்களைத் தேடிக் கண்டம் தாண்ட வேண்டியதில்லை.

அவர்களுக்கு இருக்கும் ஒரு வசதி எங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் கடைக்குப் போனால் ஒரே அளவில் அறுத்து, காயவைத்து, தரம் குத்திய மரச்சட்டம் கிடைக்கும். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலை மரக்கடைகளில் அப்படி எதுவும் கிடையாது. கன அடிக் கணக்கு, பேரம், மரத்துக்கு மரம் வேறு குணம். வரைபடத்தை முடித்துவிட்டு மரம் வாங்கலாம் என்ற எண்ணத்தை முதல் வாரமே கைவிட்டோம்.

ஏன் மரம் என்று எல்லோரும் கேட்டார்கள். என் அப்பா முதல் ஆள். "கடலோரத்துல மரமா? கான்கிரீட்ல போட்டா ஐம்பது வருஷம் நிக்குமே" என்றார். அவரை ஒருநாள் அழைத்துப் போய்க் குப்பத்தில் இருந்த ஒரு கான்கிரீட் கட்டடத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். உப்புக்காற்று உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சை உடைத்துத் தள்ளி, கம்பி விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தது. அதைச் சரி செய்ய ஆளும் இயந்திரமும் வெளியிலிருந்து வர வேண்டும். மரம் அழுகும், கரையான் ஏறும், எல்லாம் உண்மை. ஆனால் ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு துண்டு வைக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த கை அந்தக் குப்பத்திலேயே இருந்தது. அப்பா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மே மாதம் தன் ரசமட்டத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஓர் ஓடாவி. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சர். சென்னையில் பலருக்கு இந்தச் சொல்லே தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரை முழுக்க வந்து இறங்கின. மரப்படகுக்கு ஆள் இல்லாமல் போனது. எங்களைப் பார்த்தபோது அவர் அறுபதைத் தாண்டியவர், ஒரு பிளைவுட் கடையில் அலமாரி செய்துகொண்டிருந்தார். உளியும் இழைப்புளியும் கோணியில் சுற்றிப் பரணில் கிடந்தன. நாங்கள் கேட்டதும் சம்மதிக்கவில்லை. மூன்று முறை போனோம். மூன்றாம் முறை அவர் மனைவிதான் பரணிலிருந்து கோணியை எடுத்துக் கீழே வைத்தார்.

முதலில் மணலில் வீட்டை வரைந்தோம். ஏ ஒன் தாளில் பதினொரு ஷீட் வரைந்து கொண்டுபோயிருந்தோம். யாரும் அதைப் பார்க்கவில்லை. ஓடாவி கயிறு வாங்கி, சுண்ணாம்புத் தூளைத் தூவி, 28 அடிக்கு 16 அடி என்று நிஜ அளவிலேயே போட்டார். படகையும் இப்படித்தான் தரையில் போட்டுப் பார்ப்பார்களாம். கோட்டுக்குள் வந்து உட்காருங்கள் என்றோம். அப்போதுதான் சண்டை ஆரம்பித்தது.

வலை வேலை ஆண்களுடையது. கடலுக்குப் போக முடியாத வயசாளிகள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பின்னுவார்கள். அவர்கள் நீளவாக்கில் மொத்த இடத்தையும் கேட்டார்கள். அதுவரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆயா கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நட்டநடுவில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள். விடியற்காலை ஏலம் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு மதியம் வந்தால் நிழலில் கால் நீட்ட அவர்களுக்கு ஓர் இடம் கிடையாது. குழுக் கூட்டம் நடத்த இடம் கிடையாது. பிள்ளைகள் சாயங்காலம் படிக்கத் தெருவிளக்கு. "வலைக்கு வூடு, எங்களுக்கு வெயிலா?" என்றார் ஆயா. அன்றைக்கு நாங்கள் வாயைத் திறக்கவில்லை. 'கம்யூனிட்டி' என்று எங்கள் ஷீட்டுகளில் பதினைந்து இடத்தில் எழுதியிருந்தோம், ஒரே ஆள் மாதிரி. அங்கே ஆண்கள் ஒன்று கேட்டார்கள், பெண்கள் வேறு கேட்டார்கள், பஞ்சாயத்தார் மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள். இரண்டு வாரம் பேசினார்கள். முடிவில் கிழக்கே கடல் பார்த்த பாதி வலைக்கு, மேற்குப் பாதி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நடுவே சுவர் வேண்டாம், இடுப்புயர வலைப்பெட்டி போதும், அதன் மேலேயே உட்காரலாம் என்றதும் ஆயாதான். நடுவில் தூண் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். வலையை விரித்து இழுக்கும்போது தூண் சிக்கும்.

மரம் சேர்த்த கதை தனியாக எழுத வேண்டிய அளவு பெரிது. புதுத் தேக்கு வாங்க எங்களிடம் பணமும் இல்லை, மனசும் இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீடு இடிபடுவதாக நண்பனின் மாமா சொன்னார். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த காரையை மேலே இடித்து இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அந்தக் கூரை வெடிவெடியாக விழுவதைத் தெருவில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. எந்தக் கட்டடத்தையும் இடிக்காமல் நகரம் வளர முடியாது என்பார்கள். இடிக்கும்போது அதில் இருக்கும் நல்ல மரத்தையாவது எண்ணிப் பார்த்து எடுங்கள் என்று நான் இன்றும் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். அங்கே 46 கட்டைகள் வாங்கினோம். நூறு வருடத்துக்கு முந்தைய பர்மாத் தேக்கு. மேலே சுண்ணாம்பு அப்பி வெள்ளையாக இருந்தது. இழைப்புளி ஓடியதும் எண்ணெய் வாசனை எழுந்தது. நேற்று அறுத்த மரம் மாதிரி. அதிலிருந்த ஆணிகளைப் பிடுங்க மட்டும் நாங்கள் பதினான்கு பேர் ஆறு நாள் உட்கார்ந்தோம்.

தரைப் பலகைக்கு வேம்பு. அடையாறில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வர்தாவில் சாய்ந்த பெரிய வேம்பை வீட்டுக்காரம்மா சும்மாவே கொடுத்தார். அறுவை மில் கூலி மட்டும் எங்களுடையது.

கூரையின் சாய்வுச் சட்டமான கைமரத்துக்குப் பனை. பனையைப் பற்றி ஓடாவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்மா, தேக்குக்கு வைரம் உள்ள இருக்கும். பனைக்கு வெளிய இருக்கும். தெரியாதவன் வெளிய சீவிட்டு உள்ள இருக்கறத மாட்டுவான்." பனையைப் பிளந்தால் நடுவில் சோறு மாதிரி மெத்தென்று இருக்கும், அதைச் செதுக்கி எறிய வேண்டும். விளிம்பில் இருக்கும் கறுப்பு நாரில்தான் பலம். வீட்டுக்கு வந்ததும், தமிழாசிரியையான சித்தியிடம் சொன்னேன். தொல்காப்பியம் மரபியலிலேயே இருக்கே என்றார். உள்ளே வைரம் உள்ளதை அகக்காழ் என்று மரத்தில் சேர்க்கிறது, வெளியே வைரம் உள்ளதைப் புறக்காழ் என்று புல்லில் சேர்க்கிறது. பனை அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலிலும் பனை புல்லுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ஐந்து வருடம் கட்டடக்கலை படித்தும் இது எனக்கு ஒரு வகுப்பில் வரவில்லை. ஓடாவிக்குக் கை சொல்லித் தந்திருக்கிறது.

அடுத்தது ஆயாவின் கேள்வி. மரவீட்டில் முதலில் கெடுவது காலின் அடி. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. எனவே மணலில் மரம் படக்கூடாது, கருங்கல் மேல்தான் நிற்க வேண்டும். அப்படியும் ஒருநாள் அடி கெடும். கெட்டால் முழுக் காலையும் மாற்றுவது என்றால் கூரையைக் கழற்ற வேண்டும். இதை வைத்து மூன்று வாரம் திணறினோம். ஓடாவி படகின் அடிமரமான ஏராவைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காது. இரண்டு மரத்தின் முனைகளையும் நீளமான சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, குறுக்கே ஆப்பு இறுக்குவார்கள். அலை அடித்தாலும் விடாது. ஆப்பைத் தட்டி எடுத்தால் பிரியும்.

அதை நிமிர்த்தி வைத்தோம். பத்துக் கால்களுக்கும் தரைச்சட்டத்துக்குக் கீழே உள்ள இரண்டு அடி தனித் துண்டு. அதற்குப் 'பாதம்' என்று பெயர் வைத்தோம். தரைச்சட்டங்கள் மேல்காலில் பிடித்திருக்கும். சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு விரல் அளவு தூக்கினால் எடை பாதத்தை விட்டுப் போகும். ஆப்பைத் தட்டு, பழைய பாதத்தை உருவு, புதியதைச் செருகு, ஆப்பை அடி. கூரையில் ஒரு ஓட்டைக்கூட அசைக்க வேண்டாம். இந்த ஒரு இணைப்பை ஐந்தில் ஒரு பங்கு அளவில் எட்டு முறை மாடல் செய்து பார்த்தோம்.

காற்று விஷயத்தில் எங்கள் கணக்கே எங்களைப் பயமுறுத்தியது. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பாகம் சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதை அழுத்தமாக மாற்றினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. இறவாரங்களோடு சேர்த்து எங்கள் கூரை 60 சதுர மீட்டர். மொத்தமாகத் தூக்கினால் 9 டன். ஓட்டின் எடை 3 டன். அதாவது பெரும்புயலில் வீடு கீழே அமுங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மேலே போவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரியவர்களிடம் சொன்னபோது ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "நங்கூரம் போடு" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போட்டோம். வேலிக்கு நடும் கல்கால்களில் உடைந்தவற்றை வாங்கி, ஒவ்வொரு காலுக்கும் நேரே ஐந்தடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்தோம். அதில் கட்டிய படகுக் கயிறு கால் ஓரமாக ஏறி விட்டத்தின் முனையைப் பிடித்திருக்கும். கல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் அதன்மேல் இருக்கும் மணல் மொத்தத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வெளியே தெரியும் கயிற்றை வெயில் தின்னும், ஆகவே ஐப்பசிக்கு முன்பு மாற்றிவிட வேண்டும். அதை யாரும் அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. படகுக்கு மாற்றும் அன்று இதற்கும் மாற்றிவிடுகிறார்கள்.

ஜூரி, அதாவது எங்கள் வடிவமைப்பை மதிப்பிடும் நாள், நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் ஸ்டீல் போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்றார். அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை.

மே மாதம், கத்திரி வெயிலில் கட்ட ஆரம்பித்தோம். காலை ஐந்தரைக்கு மணலில் இருப்போம், பத்தரைக்கு நிறுத்திவிடுவோம், மறுபடி நாலு மணிக்கு. ஓடாவி யாருக்கும் முதல் வாரம் உளியைத் தரவில்லை. தீட்ட மட்டும் சொன்னார். கல்லில் தீட்டித் தீட்டி, கையில் இருக்கும் மயிரை மழிக்கிற பதம் வந்த பிறகுதான் கட்டையைத் தொடவிட்டார். பத்துப் பாதத்திலும் மீன் எண்ணெயும் பண்ருட்டியிலிருந்து வாங்கிய முந்திரிக்கொட்டை எண்ணெயும் கலந்து சூடாகப் பூசினோம். அந்த நாற்றம் என் துப்பட்டாவில் கடைசி வரை போகவில்லை. பனங்கைமரங்களைத் தார்ப்பாய் விரித்த குழியில் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறப்போட்டோம். அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், அதனால் கூரைக்கு உள்ளே நனையாத மரத்துக்கு மட்டும்தான் அது.

நாங்கள் பெரிதாகத் தவறியது தரையில். வேம்பை அறுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பச்சை போகவில்லை, இடைவெளி விட்டு அடுக்கி நிழலில் வையுங்கள், அடுத்த வருடம் போடலாம் என்று ஓடாவி சொன்னார். கல்லூரி திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பலகைகளை நெருக்கி நெருக்கிப் போட்டோம், பார்க்க அழகாக இருந்தது. மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். அடுத்த கோடைக்குள் ஆறு அங்குலப் பலகைக்குக் கால் அங்குலம் போய்விட்டது. வலை ஊசிகள் சந்தில் விழுந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு பையனைத் தரைக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பொறுக்கி வரச் சொன்னார்கள். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 2018 ஜூனில் ஏழு பேர் போய் முழுத் தரையையும் பிரித்து, ஓரம் இழைத்து, மறுபடி நெருக்கிப் போட்டோம். கடைசியில் ஒன்றேகால் அடி குறைந்தது. அதற்கு மட்டும் புதுப் பலகை. அந்தப் பட்டை நிறம் மாறி இன்றும் தனியாகத் தெரியும். போகும்போதெல்லாம் அதன்மேல் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கட்டிய நாட்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஓடு வேய்ந்த நான்கு நாட்கள். மங்களூர் ஓட்டின் அடியில் இருக்கும் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கும். காற்றடிக்கும் இடங்களில் கம்பியால் ரீப்பரோடு, அதாவது ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டத்தோடு, கட்டுவதற்காக வைத்தது. கம்பி கடலோரத்தில் இரண்டு மழைக்குத் தாங்காது. வலைத் தாத்தாக்கள் வலை நூலையே எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டுக்கு அடியில் வெயில் படாததால் அந்த நூல் பல வருடம் தாங்கும். நாங்கள் மேலே ஓட்டை வைக்க, அவர்கள் உள்ளே சாரத்தில் நின்றபடி ஊசியால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. ஆயிரத்துச் சொச்சம் ஓடுகள். கண் தெரியாத ஒரு தாத்தா மற்ற எல்லோரையும்விட வேகமாகக் கட்டினார். நான் அந்த முடிச்சைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். இப்போதும் என் பைக்குள் ஒரு வலை ஊசி இருக்கும்.

அதன் பிறகு 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. மாண்டஸில் விளிம்பில் பதினோரு ஓடுகள் உடைந்தன. மிக்ஜாமில் தண்ணீர் தரைக்கு அடியில் புகுந்து போனது, மேலே ஏறவில்லை. அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை. விடிந்ததும் ஆயாவுக்குத்தான் முதல் போன். எங்கள் பதினான்கு பேரில் ஐந்து பேர் இப்போது வெளிநாட்டில். மிச்சம் இருப்பவர்கள் பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு அங்கே போவது என்று வைத்துக்கொண்டோம். எல்லா வருடமும் எல்லோரும் போக முடிவதில்லை. இரண்டு பேராவது போயிருக்கிறோம். ஓடாவி பார்வை குறைந்து மகள் வீட்டுக்கு, நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார்.

ஆயா போன் செய்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையே போனேன். மேற்கு மூலைக்குக் குனிந்து போய்ப் பார்த்தேன். பாதம் அழுகியதற்குக் காரணம் நாங்கள் யோசிக்காத ஒன்று. கடற்காற்று கிழக்கிலிருந்து மணலைக் கொண்டுவந்து வீட்டின் மறைவில், மேற்குப் பக்கம் கொட்டியிருக்கிறது. வருடத்துக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று ஏறி, கருங்கல்லை மூடி, மரத்தை எட்டிவிட்டது. ஈர மணல் ஒட்டி நின்ற உயரத்துக்கு மட்டும் மரம் பஞ்சு மாதிரி இருந்தது. பழைய பாதத்தை எறியாமல் எனக்காக வைத்திருந்தார்கள்.

மாற்றிய பையன், நாங்கள் கட்டியபோது பதினொன்றாம் வகுப்பு. ஓடாவிக்கு உளி தீட்டிக் கொடுத்துக்கொண்டு எங்களோடேயே சுற்றியவன். இப்போது படகு இன்ஜின் மெக்கானிக். டாடா ஏஸ் வண்டியின் ஜாக்கியைத் தரைச்சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்கியிருக்கிறான். புதிய பாதம் காசிமேட்டில் உடைத்த ஒரு விசைப்படகின் ஏராவிலிருந்து அறுத்தது, உப்பு ஏறிக் கறுத்து இரும்பு மாதிரி இருக்கிறது. நாங்கள் ஒரு பக்கமிருந்து ஒரே ஆப்பு அடித்திருந்தோம். அவன் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு ஆப்பு அடித்திருக்கிறான். "மரம் சுருங்குனா ஒரு பக்கம் தட்டுனா போதும்க்கா, மறுபடி டைட் ஆயிடும். உங்களுது ஒருதடவ லூசாச்சுன்னா முழுசா கழட்டணும்" என்றான். சரியாகச் சொன்னான். அளவு டேப் எடுத்து அந்த ஆப்பின் சாய்வை அளந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய ஷீட்டுகளை விரித்தேன். ஏழாவது ஷீட், பாதம் இணைப்பு. அதன்மேல் ட்ரேஸிங் தாளை ஒட்டி இரண்டு ஆப்பையும் வரைந்தேன், மணல் மட்டம் ஏறிய கோட்டையும் போட்டேன், கல்லைச் சுற்றி வருடத்துக்கு இருமுறை மணல் வார வேண்டும் என்று எழுதினேன். 'வடிவமைத்தவர்கள்' என்ற கட்டத்தில் பதினைந்தாவதாக அவன் பெயர்.

அன்று குப்பத்திலிருந்து கிளம்பும்போது தென்மேற்குப் பாதத்தையும் ஆணியால் குத்திப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெரியும்க்கா என்று சொல்லி, வலைப்பெட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனான். அதே ஏராவில் அறுத்த இன்னொரு துண்டு அங்கே கிடந்தது. வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, அடியில் இரண்டு ரீப்பர் கொடுத்து, நிழலில் வைத்திருந்தான். அறுத்த தேதி பென்சிலில் எழுதியிருந்தது. ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இன்னும் காயட்டும்க்கா" என்றான்.